ஈபி பில்லில் இருந்து பேங்க் லோன் வரை: சின்ன பனியன் கம்பெனிக்கு ஒரு கார்பன் கணக்கு

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் போட்டுக்கொண்டிருந்தேன். ஓனர் அண்ணா போனை என் முன்னால் நீட்டினார். "அம்மிணி, இதென்னனு பாரு. ஸ்கோப் ஒண்ணு, ஸ்கோப் ரெண்டுனு என்னமோ கேக்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள வேணுமாம்."

அனுப்பியது எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியின் மெர்ச்சண்டைசர். எக்செல் ஷீட்டில் 40 கேள்விகள். வருஷத்துக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு டீசல், ஒரு பீஸுக்கு எவ்வளவு கார்பன் (அதாவது அதைத் தைக்கும்போது காற்றில் சேர்கிற கார்பன் டை ஆக்சைடு), கழிவுத் துணி எங்கே போகிறது, சோலார் இருக்கிறதா, எப்போது போடுவீர்கள். துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, எங்கள் பாஷையில் பயர், அவர்களைக் கேட்கிறார், அவர்கள் எங்களைக் கேட்கிறார்கள்.

நாங்கள் நேரடி எக்ஸ்போர்ட் கிடையாது. திருப்பூரில் 64 மெஷின் வைத்து கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் வரை செய்து கொடுக்கிற யூனிட். நான் அங்கே கணக்கு. கார்பன் பற்றி எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமைக்குள் முடியவும் இல்லை, இரண்டு வாரம் தவணை வாங்கினேன். அந்த இரண்டு வாரத்திலும் அதற்குப் பிறகான ஒன்றரை வருஷத்திலும் ஏஐ-யை வைத்து என்ன செய்தேன், எங்கே அது காலை வாரியது, அதே கணக்கை வைத்து பேங்கில் எப்படிப் பேசினோம் என்று எழுதுகிறேன். எங்களைப் போன்ற யூனிட்டில் கணக்கு பார்ப்பவர்களுக்கு உதவும்.

முதலில் பீரோ

ஏஐ-யை அப்புறம் திறக்கலாம், முதலில் பீரோவைத் திறங்கள். 12 மாத ஈபி பில், டீசல் பில், கேஸ் சிலிண்டர் ரசீது, தண்ணி லாரி சீட்டு, கட்டிங் வேஸ்ட் எடை போட்டு விற்ற ரசீது, புரொடக்‌ஷன் ரெஜிஸ்டர். இவ்வளவுதான் தேவை. ஈபி பில் தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், மின்வாரிய வெப்சைட்டில் சர்வீஸ் நம்பரைப் போட்டால் பழைய ரீடிங் கிடைக்கும். டீசல்தான் தகராறு. எங்கள் யூனிட்டில் டீசல் கணக்கு மூன்று இடத்தில் இருந்தது: பங்க் பில்லில் கொஞ்சம், எலக்ட்ரீசியன் தம்பியின் பாக்கெட் நோட்டில் கொஞ்சம், ஜெனரேட்டர் ரூம் சுவரில் சாக்பீஸால் கொஞ்சம். சுவரை போட்டோ எடுத்தேன். சிரிக்காதீர்கள், அந்த போட்டோவும் ஆதாரம்தான்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்: மீட்டர், பில், நோட்டு, உத்தேசம். நான் கலர் அடித்துவிடுவேன். பச்சை மீட்டரும் பில்லும், மஞ்சள் நோட்டு, சிவப்பு உத்தேசம். ஆடிட்டுக்கு வந்தவர் முதலில் பார்த்தது அந்தக் கலர்களைத்தான். சிவப்பு இருந்ததற்காக அவர் கோபிக்கவில்லை. உத்தேச எண்ணுக்கு யாராவது பச்சை அடித்து வைத்திருக்கிறார்களா என்று தேடுவதுதான் தன் வேலை என்றார்.

பில்லை ஏஐ-க்குக் காட்டுவது எப்படி

இந்த வேலைக்கு ஏஐ நிஜமாகவே நல்ல கையாள். 12 ஈபி பில்லை டைப் அடிக்க எனக்கு அரை நாள் ஆகும், அது படம் பார்த்து ஐந்து நிமிஷத்தில் அட்டவணை போட்டுத் தருகிறது. ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. "இந்த பில்லைப் பார்த்து என் கார்பன் எவ்வளவு சொல்" என்று கேட்டால் அழகாக ஒரு எண்ணைச் சொல்லும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதுக்கே தெரியாது.

நான் இப்போது கொடுக்கிற கட்டளை இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"இது தமிழ்நாடு மின்வாரியத்தின் எல்டி இண்டஸ்ட்ரி பில். பில் மாதம், ஆரம்ப ரீடிங், முடிவு ரீடிங், பெருக்கு எண், யூனிட், கேவிஏஹெச், பவர் ஃபேக்டர், பதிவான டிமாண்ட், மொத்தத் தொகை ஆகியவற்றை மட்டும் அட்டவணையாகக் கொடு. தெளிவாகத் தெரியாத எண்ணை யூகிக்காதே, தெரியவில்லை என்று எழுது. எந்தக் கணக்கும் நீயாகப் போடாதே."

கடைசி இரண்டு வரியும் அடிபட்டுச் சேர்த்தது. முதல் முறை 12 பில்லையும் ஒரே மூச்சில் கொடுத்தேன். பதினொன்று சரி. ஆகஸ்ட் மாதம் மட்டும் 7,826 யூனிட் என்று வந்தது. மற்ற மாதமெல்லாம் 7,000 முதல் 7,300 வரைதான். ஆகஸ்டில் வேலை அதிகமா என்று ரெஜிஸ்டரைப் பார்த்தால் அப்படியும் இல்லை. பில்லை எடுத்துப் பார்த்தேன். யூனிட் 7,200. பக்கத்துக் கட்டத்தில் கேவிஏஹெச் 7,826. மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு கட்டம் தள்ளிப் படித்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கேவிஏஹெச் என்பது லைனில் இருந்து இழுத்த மொத்தம், பவர் ஃபேக்டர் என்பது அதில் எவ்வளவு நிஜமாக வேலைக்கு ஆயிற்று என்கிற விகிதம். கேவிஏஹெச்சைப் பவர் ஃபேக்டரால் பெருக்கினால் யூனிட் வர வேண்டும். 7,826 பெருக்கல் 0.92, அதாவது 7,200. இந்தச் சோதனையை எக்செல்லில் ஒரு காலமாகப் போட்டுவிட்டால் எந்த மாதம் தப்பு என்று தானாகச் சிவந்து நிற்கும். முடிவு ரீடிங்கில் இருந்து ஆரம்ப ரீடிங்கைக் கழித்துப் பெருக்கு எண்ணால் பெருக்குவது இன்னொரு சோதனை. ஏஐ படிக்கட்டும், எக்செல் சரிபார்க்கட்டும், கையெழுத்துப் போடுகிற நாம் அந்தச் சிவப்பை மட்டும் பார்த்தால் போதும். இந்த வேலைப் பிரிவினை அமைந்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

பெருக்கல் கணக்கு

ஸ்கோப் ஒன்று என்றால் நம் வளாகத்துக்குள் நாமே எரிப்பது: ஜெனரேட்டர் டீசல், கேஸ், கம்பெனி வேன். ஸ்கோப் இரண்டு என்றால் வெளியில் இருந்து வாங்குகிற மின்சாரம். ஸ்கோப் மூன்று என்றால் மற்ற எல்லாம்: நூல், டையிங், லாரி வாடகை, ஆட்கள் வந்து போவது. எங்களிடம் கேட்டது முதல் இரண்டும்தான்.

மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் ஒரு எண் வெளியிடுகிறது. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. தசமத்துக்குப் பிறகு வருஷம் தோறும் கொஞ்சம் மாறும், அந்தந்த வருஷத்து எண்ணை எடுத்து எந்த வருஷத்துப் பதிப்பு என்று குறிப்பிடுங்கள். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ. கேஸ் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 3 கிலோ.

எங்கள் கணக்கு: 86,400 யூனிட் பெருக்கல் 0.7, அதாவது 60,480 கிலோ. டீசல் 1,150 லிட்டர் பெருக்கல் 2.68, அதாவது 3,082 கிலோ. கூட்டினால் ஏறத்தாழ 63.6 டன். அந்த வருஷம் தைத்தது 6,20,000 பீஸ். ஒரு பீஸுக்கு 103 கிராம் வருகிறது.

ஓனர் அண்ணா ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி. "நம்மூர்லதான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காத்தாடியா நிக்குதே, நமக்கு 0.7-ல கொறைக்க மாட்டாங்களா?" குறைக்க மாட்டார்கள். நாடு முழுக்க ஒரே கிரிட், அதனால் இந்தியாவுக்கு ஒரே எண்தான். சொந்தக் காற்றாலை வைத்து அந்த யூனிட்டை ஈபி மூலமாக நம் சர்வீஸுக்குக் கொண்டுவருபவர்கள் அதைத் தனியாக இன்னொரு கணக்காகக் காட்டலாம். எதிரே காற்றாலை சுற்றுகிறது என்பதற்காக நம் பில்லில் கழிக்க முடியாது.

இன்னொன்று. பீஸ் எண்ணிக்கையால் வகுப்பது சோம்பேறி வழி. ஜட்டியும் ஒரு பீஸ், ஹூடியும் ஒரு பீஸ். ஒரு பயருக்கு ஜட்டி, இன்னொரு பயருக்கு ஹூடி தைத்தால் ஜட்டிக்காரர் தலையில் ஹூடிக்காரரின் கார்பன் ஏறும். தையல் நிமிஷத்தை வைத்துப் பிரியுங்கள். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் எத்தனை நிமிஷம் என்று ரேட் போடும்போதே குறித்திருப்போம். அந்த ஷீட்டையும் பீஸ் கணக்கையும் கொடுத்து, பிரிக்கிற ஃபார்முலாவை எக்செல்லில் எழுதித் தரச் சொன்னால் ஏஐ நன்றாகவே எழுதித் தருகிறது. விடையை அதனிடம் கேட்கக் கூடாது, ஃபார்முலாவைத்தான் கேட்க வேண்டும். ஃபார்முலா கண்ணுக்குத் தெரியும், தப்பானால் திருத்தலாம்.

கரண்டு போகாத மாதத்தில் டீசல்

கணக்கு முடிந்தது என்று நினைத்தபோது ஒரு சந்தேகத்துக்காக 12 மாத அட்டவணையையும் கரண்ட் போன நேரம் எழுதுகிற நோட்டையும் சேர்த்துக் கொடுத்து, "இதில் ஒன்றோடு ஒன்று பொருந்தாதது எது?" என்று ஏஐ-யிடம் கேட்டேன். ஏஐ-யிடம் கேட்பதிலேயே உருப்படியான கேள்வி இதுதான் என்பேன். அது சொன்ன பதில்: அக்டோபரில் கரண்ட் போனது மொத்தமே நான்கு மணி நேரம், ஆனால் டீசல் 210 லிட்டர்.

எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, அது தீபாவளி நேரமுங்க. டெலிவரி வேன் நாலு நடை சேர்த்து ஓடுச்சு. வேன் டீசலையும் இதுலயே எழுதிட்டேன்." வேன் டீசலும் ஸ்கோப் ஒன்றுதான், மொத்தம் மாறவில்லை. ஆனால் ஜெனரேட்டர் தனி, வேன் தனி என்று பயர் ஷீட்டில் இரண்டு கட்டம் இருந்தது. அன்றிலிருந்து இரண்டு நோட்டு. சுவரில் எழுதுவதையும் நிறுத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டர்

மாத பில் பயருக்குப் போதும். செலவைக் குறைக்கப் போதாது. மாதம் 7,200 யூனிட் என்றால் அதில் எந்த மெஷின் எப்போது தின்றது என்று பில்லுக்குத் தெரியாது.

மெயின் போர்டில் மூன்று ஃபேஸ் ஒயரையும் கவ்விப் பிடிக்கிற மாதிரி சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மாட்டினோம். வைஃபை வழியாக 15 நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் அனுப்பும். ஒயரை வெட்ட வேண்டாம், ஆனாலும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன்தான் மாட்ட வேண்டும், நீங்களே போர்டைத் திறக்காதீர்கள்.

ஒரு வாரத்து ரீடிங்கை எடுத்து, கிழமை வாரியாக வரைபடம் போடச் சொன்னேன். திங்கள் முதல் சனி வரை ஒரே மாதிரி: காலை எட்டரைக்கு ஏறும், சாப்பாட்டு நேரத்தில் இறங்கும், ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு விழும். விழுந்தால் தரையைத் தொட வேண்டும் அல்லவா? தொடவில்லை. சனிக்கிழமை இரவில் இருந்து திங்கள் காலை வரை, பூட்டிக் கிடக்கிற கம்பெனியில் மணிக்கு ஒன்றரை யூனிட் ஓடிக்கொண்டே இருந்தது. படம் பல் பல்லாக இருந்தது, சில நிமிஷம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்.

அது ஏர் கம்ப்ரசர். நூல் கத்தரிக்கிற கருவிகளுக்காக வைத்திருக்கிற 5 எச்பி கம்ப்ரசரை யாரும் அணைப்பதில்லை. பைப்பில் காற்று ஒழுகும், பிரஷர் இறங்கும், அது தானாகவே ஓடி நிரப்பும், மறுபடி ஒழுகும். 36 மணி நேரத்துக்கு 54 யூனிட். வருஷத்துக்கு 2,800 யூனிட். எங்களுக்கு எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 8 ரூபாய் சொச்சம் ஆகிறது, ஆக 22,000 ரூபாய்க்கு மேல் யாருமே இல்லாத கம்பெனியில் காற்றாய்ப் போயிருக்கிறது. சோப்புத் தண்ணியைப் பைப் இணைப்புகளில் தடவினால் ஒழுகுகிற இடத்தில் குமிழி வரும். ஏழு இடத்தில் வந்தது. மேஸ்திரி அரை நாளில் அடைத்தார். பூட்டும்போது கம்ப்ரசர் சுவிட்சை அணைப்பது இப்போது வாட்ச்மேன் ஐயா பொறுப்பு.

கட்டிங்கில் இதே மாதிரி ஒரு சமாசாரம் இருக்கிறது. மார்க்கர், அதாவது துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்கிற வரைபடம் போடுகிற சாஃப்ட்வேர், பேட்டர்ன்களைத் திருப்பித் திருப்பி அடுக்கி, துணி வீணாவதைக் குறைக்கும். எங்கள் கட்டிங் மாஸ்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, 30 வருஷக் கை அவருக்கு. ஒரே ஸ்டைலுக்கு அவர் ஒரு லே (வெட்டுவதற்கு விரிக்கிற துணி அடுக்கு), சாஃப்ட்வேர் ஒரு லே போட்டுப் பார்த்தோம். அடுக்குவதில் சாஃப்ட்வேர் ஜெயித்தது. ஆனால் துணி ஓரம் சுருண்டு நிற்பதையும் ரோலுக்கு ரோல் அகலம் மாறுவதையும் அது பார்க்கவில்லை, மாஸ்டர் பார்த்தார். இப்போது அது போட்டதை அவர் திருத்துகிறார். மிச்சமாகிற துணிக்குள் நூலும் சாயமும் தண்ணீரும் இருக்கிறது, கார்பன் கணக்கில் கரண்டை விடப் பெரிய மிச்சம் அதுதான்.

நம் 103 கிராம் முழுக் கதை இல்லை

அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரும் மார் தட்ட வேண்டாம். அது தைக்கிற யூனிட்டின் பங்கு மட்டும். பருத்தி விளைச்சல், நூற்பு, நிட்டிங், எல்லாவற்றுக்கும் மேல் டையிங் இவற்றைச் சேர்த்தால் ஒரு டி-ஷர்ட்டின் கணக்கு இதைப் போலப் பல மடங்கு. ஆகவே ஸ்கோப் மூன்று என்று கேட்டு வந்தால் முதலில் டையிங்காரரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

திருப்பூர்க்காரர்களுக்கு டையிங் என்றால் சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆறும், அது தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையும்தான் ஞாபகம் வரும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்தது. அதன் பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறித்தான் மறுபடி ஓடுகிறது. கழிவு நீர் ஆர்ஓ-வில் போய்த் தண்ணீர் திரும்பி வருகிறது, மிஞ்சுகிற உப்புக் கரைசலை ஆவியாக்குகிறார்கள்.

கணக்கு பார்ப்பவர் கவனிக்க வேண்டிய முடிச்சு இங்கே இருக்கிறது. தண்ணீர்க் கணக்கில் அது பெரிய சாதனை. ஆனால் ஆவியாக்குவதற்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு, பம்புகளுக்குக் கரண்ட். தண்ணீர் மிச்சம் கூடும்போது எரிபொருள் செலவும் கூடுகிறது. பயர் ஷீட்டில் இரண்டையும் தனித்தனிக் கட்டமாகக் கேட்பார்கள், ஒன்றை மட்டும் நிரப்பி அழகு காட்டாதீர்கள். டையிங்காரரிடம் கேட்க வேண்டியது மூன்றே எண்: ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், அதில் எவ்வளவு திரும்பி வந்த தண்ணீர், ஒரு கிலோ துணிக்கு எத்தனை கிலோ விறகு. பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிற பட்டறை என்றால் தண்ணீர் எண் மீட்டரிலேயே இருக்கும். விறகில் இருந்து வரும் கார்பனை நிலக்கரி மாதிரி சேர்க்கக் கூடாது, தனி வரியில் காட்ட வேண்டும் என்பது விதி. ஏஐ இரண்டு தடவை கேட்டபோதும் இதை மற்றதோடு சேர்த்தே எழுதிக் கொடுத்தது, நான் பிரித்தேன்.

எல்லை வரி என்று ஐரோப்பாவில் கார்பனுக்கு வரி வருகிறது, பனியனுக்கும் வரப்போகிறது என்று பயமுறுத்திச் சாஃப்ட்வேர் விற்க ஒருவர் வந்தார். அந்த வரியின் பட்டியலில் இருப்பது இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம். இதை எழுதுகிற வரை துணி அதில் இல்லை. டீ கொடுத்து அனுப்பினோம். ஐரோப்பாவில் இருந்து நமக்கு வரப்போவது வேறு: ஒவ்வொரு துணிக்கும் அதன் பிறப்பு வளர்ப்பைச் சொல்கிற டிஜிட்டல் பாஸ்போர்ட். அதற்கான சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது, முதலில் கை வைக்கிற பொருள்களில் துணியும் உண்டு. லாட் நம்பரையும் டிசி-யையும் (டெலிவரி சலான்) ஒழுங்காக வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய கஷ்டமாக இருக்காது.

அதே ஷீட்டோடு பேங்குக்கு

பயர் ஷீட்டின் கடைசிக் கேள்வி, சோலார் எப்போது. விசாரித்தோம். வந்தவர் 50 கிலோவாட் போடுங்கள், ஈபி பில்லே வராது என்றார். மாத பில்லை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. 50 கிலோவாட் வருஷத்துக்கு 72,500 யூனிட் தரும், நாங்கள் செலவழிப்பது 86,400.

15 நிமிஷ ரீடிங்கை எடுத்து வெயில் நேரத்தோடு ஒப்பிடச் சொன்னபோது வேறு கதை வந்தது. மதியம் எங்கள் லோடு 25 கிலோவாட்டுக்குப் பக்கம். 50 கிலோவாட் பேனல் நண்பகலில் 35-க்கு மேல் தரும். மிச்சம் ஈபி லைன் வழியாக வெளியே போகும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெளியே போகும். இரவு ஏழு மணிக்கு நாங்கள் தைக்கும்போது அது தூங்கும். வெளியே போகிற யூனிட்டுக்கு நாம் வாங்குகிற விலை கிடைக்காது, நெட்வொர்க் கட்டணம் என்றும் ஒன்று உண்டு. எல்லாம் போட்டுப் பார்த்து 30 கிலோவாட் என்று நின்றோம். வருஷத்துக்கு 43,500 யூனிட், ஞாயிறு போக நாங்களே பயன்படுத்துவது 37,000 யூனிட் அளவில். கிட்டத்தட்ட 3 லட்ச ரூபாய் மிச்சம். 15 லட்சம் போட்டால் ஐந்து வருஷத்தில் திரும்பும்.

இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி, கடன் கேட்டு பேங்குக்குப் போனோம். பேங்க் மேனேஜர் அந்த ஒற்றைத் தாளைத்தான் நிதானமாகப் படித்தார். "சுற்றுச்சூழலைக் காக்கும் முயற்சி" என்று ஏஐ எழுதிக் கொடுத்த முதல் பத்தியைத் தாண்டிவிட்டு நேராக இந்தக் கணக்குக்கு வந்தார். மாதத் தவணையையும் மாதம் மிச்சமாகும் ஈபி-யையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தேன். அவருக்கு வேண்டியது அது. பிறகு கேட்டது 12 மாத மீட்டர் ரீடிங், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மெண்ட்.

ஸ்டேட்மெண்டை இப்போது தாளாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்கிற முறை 2021 செப்டம்பரில் இருந்து நடக்கிறது. நாம் போனில் சம்மதம் கொடுத்தால் கணக்கு இருக்கிற பேங்கில் இருந்து கடன் தருகிற பேங்குக்கு விவரம் நேராகப் போகும். சம்மதம் கொடுக்கும் திரையில் இரண்டைப் பாருங்கள்: எந்த மாதம் வரைக்குமான விவரம், எத்தனை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு லோனுக்காக ஐந்து வருஷத்துக்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை, வேலை முடிந்ததும் ரத்து செய்யலாம்.

டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க அமுக்கித் தருகிற வேலை) வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய திட்டம் ஒன்று இருக்கிறது. மின் சிக்கனத்துக்கான மத்திய அமைப்பு 2025 ஜூலையில் தொடங்கியது, பெயர் அடீட்டி. மின்சாரம், எரிபொருளை மிச்சப்படுத்தும் மெஷினுக்கு வாங்குகிற கடனில் குறு, சிறு கம்பெனிகளுக்கு 5% வட்டியும் நடுத்தரக் கம்பெனிகளுக்கு 3% வட்டியும் அரசு ஏற்கும். எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்கோடு காட்ட வேண்டும். அந்தக் கணக்கு, மேலே சொன்ன அதே ஷீட்தான்.

இன்னொரு வழி பயர் மூலமாக வருவது. லீவைஸ், பூமா என்கிற பிராண்டுகள் முறையே 2014-லும் 2016-லும் உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி-யோடு சேர்ந்து ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். தொழிலாளர், சுற்றுச்சூழல் மதிப்பெண் நன்றாக இருக்கிற சப்ளையருக்கு இன்வாய்ஸ் மேல் முன்பணம் குறைந்த வட்டியில் கிடைக்கும். உங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியின் பயருக்கு இப்படி ஏதாவது இருக்கிறதா என்று மெர்ச்சண்டைசரிடம் கேட்டுப் பாருங்கள். ஷீட்டை நிரப்பச் சொல்லி விரட்டுகிறவர்களிடம், நிரப்பினால் எங்களுக்கு என்ன என்று கேட்பதில் தப்பில்லை.

ஏஐ-யிடம் கொடுக்கக் கூடாதது

பயரின் விலைப் பட்டியல், இன்னும் கடைக்கு வராத டிசைன், ஆட்களின் ஆதார், பேங்க் கணக்கு எண். ஈபி பில்லிலும் சர்வீஸ் நம்பர், பெயர் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துத்தான் படம் எடுக்கிறேன். பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்று செட்டிங்கில் ஒரு கேள்வி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். என் மகன்தான் காட்டிக் கொடுத்தான்.

எழுதச் சொல்லும்போதும் கவனம். கம்பெனி பற்றி ஒரு பக்கம் கேட்டால் "முழுக்க முழுக்க பசுமையான, கார்பன் இல்லாத உற்பத்தி" என்று அள்ளி விடும். 63 டன்னைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு கார்பன் இல்லாத கம்பெனி என்று எழுதினால் நாளைக்கு யார் பதில் சொல்வது? 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரிப் பசுமைப் புளுகுக்கு எதிராக வழிகாட்டு விதிகளே கொண்டுவந்துவிட்டது, ஆதாரம் இல்லாமல் சொல்ல முடியாது. நான் எழுதியது: "தையல் யூனிட்டின் மின்சாரம், டீசலில் இருந்து ஒரு பீஸுக்கு 103 கிராம். கம்ப்ரசர் ஒழுகலை அடைத்ததில் வருஷத்துக்கு 2,800 யூனிட் குறையும்." மெர்ச்சண்டைசர் இதைப் போய்ப் பெரிசாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பயர் தரப்பில் இருந்து வந்தவர் மட்டும் ஒழுகல் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். வரைபடத்தைக் காட்டினேன், போட்டோ எடுத்துக்கொண்டார்.

இந்த வருஷ ஷீட்டில் கேள்விகள் 62. ஆட்கள் எப்படி வேலைக்கு வருகிறார்கள், கம்பெனி பஸ்ஸா, டூவீலரா என்று புதிதாக ஒரு பக்கம். வருகைப் பதிவேட்டில் ஊர்ப் பெயர் மட்டும் ஒரு காலம் சேர்த்திருக்கிறேன்.

மீட்டரின் ஆப்பை ஓனர் அண்ணா போனிலும் போட்டுக் கொடுத்தது தப்பாகப் போயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார். "அம்மிணி, ரெண்டு யூனிட் காட்டுது. கம்பெனில யாரு இருக்கா?" வாட்ச்மேன் ஐயாவுக்குப் போன் போட்டேன். தொட்டிக்குத் தண்ணி ஏற்ற மோட்டார் போட்டிருந்தார்.